ஏழாம் நாள் துணி

மருதமுனை,
14.10.2025

அன்புள்ள பல்கீஸுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இன்று 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் பதினான்காம் திகதி. எனக்கு எழுபத்தேழு வயதும் நான்கு மாதமும் ஆறு நாளும் ஆகின்றன. நாட்கணக்குவரை சொல்வதற்குக் காரணம், "மதினிக்கு எண்பது தாண்டியிருக்கும்" என்று நீ எழுதியிருந்ததுதான். தாண்டவில்லை. முழங்கால் இரண்டும் தாண்டிவிட்டன. மற்றவை அவற்றுக்காகக் காத்திருக்கின்றன.

உன் மகள் அஸ்னாவின் பிள்ளை தேறி வீட்டுக்கு வந்துவிட்டான் என்ற செய்திக்கு அல்ஹம்துலில்லாஹ். பிறந்த மூன்றாம் நாளே மஞ்சளாகிப் போன பிள்ளையை நீல வெளிச்சத்தின் கீழ்க் கிடத்திக் காப்பாற்றி, இரத்தத்தையும் பார்த்து, ஒரு நொதியம் குறைவு என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அஸ்னா சொன்னது உனக்கு விளங்கவில்லை என்றும், தமிழில் எழுதும்படியும் கேட்டிருக்கிறாய். முப்பத்திரண்டு ஆண்டுகள் இரசாயனவியல் படிப்பித்தவளிடம் கேட்டுவிட்டாய். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்.

உன் குசினி மேசையில் சீனி டப்பா இருக்கும். அந்தச் சீனிக்குள் சக்தி இருக்கிறது. ஆனாலும் அது நூறு ஆண்டுகள் மேசையில் இருந்தாலும் தானாக எரியாது. எரிய வேண்டுமென்றால் முதலில் ஒரு உந்தல் வேண்டும். அதை ஏவற்சக்தி என்போம். அடுப்பில் வைத்தால் அந்த உந்தல் கிடைத்துவிடும். உடம்புக்குள் அடுப்பு மூட்ட முடியாது. மூட்டினால் நாம் இருக்கமாட்டோம். ஆகவே உடம்பு வேறு வழி செய்திருக்கிறது. தாண்ட வேண்டிய வரம்பையே தாழ்த்திவிடுகிறது. தாழ்த்தும் வேலையைச் செய்வதுதான் நொதியம். வேலை முடிந்ததும் தான் கரையாமல் அடுத்த வேலைக்குப் போய்விடும். ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு நொதியம். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. நம் ஊர்ச் சங்கங்களைப் போல என்று வைத்துக்கொள். ஆனால் நொதியங்கள் வேலை செய்யும்.

இரத்தத்தில் உள்ள செங்குழியம் ஒரு ஏழைப் பிறவி. அதற்குக் கரு இல்லை. கெட்டுப்போன நொதியத்துக்குப் பதிலாகப் புதியது செய்துகொள்ள முடியாது. தன்னைத் தாக்கும் பொருள்களிலிருந்து காத்துக்கொள்ளவும் அதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. அந்த வழியின் முதற் கதவைத் திறக்கிற நொதியம்தான் உன் பேரனிடம் குறைவாக இருக்கிறது. சாதாரண நாட்களில் ஒன்றும் தெரியாது. ஓடுவான், படிப்பான், உன்னை எதிர்த்தும் கதைப்பான். சில பொருள்கள் உள்ளே போனால் மட்டும் அவனது செங்குழியங்கள் கூட்டங்கூட்டமாக உடைந்துவிடும். உடைந்ததன் நிறம்தான் அந்த மஞ்சள்.

ஆகவே விலக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்: மருதோண்டி, அந்த ஊர்ப் பெரிய அவரை, சில மருந்துகள், பெட்டிக்குள் பூச்சிக்குப் போடும் வெள்ளை உருண்டைகள். மருந்துகளின் பட்டியலை வைத்தியசாலையில் கொடுத்திருப்பார்கள். அஸ்னாவை அதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டச் சொல்.

இந்தக் குறை தாய்மாரின் வழியாக வந்து ஆண்பிள்ளைகளைப் பிடிக்கும். உன்னிடமிருந்து அஸ்னாவுக்கு, அஸ்னாவிடமிருந்து அவனுக்கு. இதில் குற்றம் யாருக்கும் இல்லை. கண்ணின் நிறத்தைப் போன்றது.

உன்னை விட்டுப் போனவன் என் தம்பி. அவன் போனபின் எனக்குக் கடிதம் எழுதவேண்டிய கட்டாயம் உனக்கு இருக்கவில்லை. நாற்பத்தேழு ஆண்டுகளாக எழுதுகிறாய். அந்த நன்றியை இதுவரை சொன்னதில்லை. இனியும் சொல்லமாட்டேன், இதோடு சரி.

துஆவுடன்,
ஹபீபா

•

லெஸ்டர்,
27.10.2025

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மதினிக்கு, வஅலைக்கும் ஸலாம்.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். சங்கக் கதைக்கு அஸ்னா விழுந்து விழுந்து சிரித்தாள். "உம்மா, உங்கட மதினி எங்களுக்குப் படிப்பிச்சிருந்தா நானும் டொக்டராயிருப்பன்" என்றாள். நான் சொன்னேன், "நீ அடி தாங்கியிருக்கமாட்டாய் மகள்" என்று.

பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறான். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. வெயிலைக் கண்டால் ஊரில் ஒதுங்குவோம், இங்கே ஓடிப்போய் நிற்கிறோம். நீங்கள் மட்டும் முழங்காலைப் பற்றி எழுதிவிட்டு எந்த மருந்தும் எடுப்பதாக எழுதவில்லை. பிறருக்குப் பட்டியல் போடுகிறவர் தனக்கும் ஒன்று போட்டால் என்ன?

மதினி, இனி எழுதப்போவதை அஸ்னாவுக்குக் காட்டவில்லை.

தாய்வழி வரும், ஆண்பிள்ளையைப் பிடிக்கும் என்று எழுதியிருந்தீர்கள். அதை வாசித்ததும் என் நூஹு ஞாபகம் வந்தான். அவனும் என் வயிற்றில் பிறந்த ஆண்பிள்ளை. ஏழாம் நாள் தலைமுடி இறக்கிப் பெயர் வைத்தோம். எட்டாம் நாள் மஞ்சள். பீத்துணியில் தேயிலைச் சாயம்போல மூத்திரம். ஒன்பதாம் நாள் பெரியாசுபத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் என் மடியிலேயே போய்விட்டான்.

ஏழாம் நாள் பின்னேரம் என் உம்மா வசம்பைச் சுட்டு உரைத்து அவன் நாக்கில் தடவினா. நான் கண்ணால் கண்டேன். "வேணாம் உம்மா, மதினி பச்சைப்புள்ளைக்கி ஒண்டும் குடுக்கப்படா எண்டு சொன்னவங்க" என்றேன். "உன்னையும் இதைக் குடுத்துத்தான் வளத்த" என்றா. அவன் போனதும் உங்கள் தம்பி வாசலில் நின்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. "உங்கட உம்மாதான் என்ட புள்ளையக் கொன்ற!" அன்றைக்கு இறங்கிப் போனவர் திரும்பி வரவில்லை. நானும் உம்மாவுடன் கதைக்கவில்லை. வேறு கலியாணம் முடித்து ஊரைவிட்டே வந்தேன். அவ மௌத்தாகி இருபத்துமூன்று வருடம். மையித்தைப் பார்க்கவும் போகவில்லை.

ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் மௌத்தான எல்லோரையும் பெயர் சொல்லித் துஆக் கேட்கிறேன். வாப்பா, நூஹு, அஸ்னாவின் வாப்பா, உங்கள் தம்பியைக்கூடச் சொல்கிறேன். உம்மாவின் பெயரை மட்டும் இந்த இருபத்துமூன்று வருடமாகச் சொல்லவில்லை. நாக்கு வராது.

இப்போது நீங்கள் எனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நூஹுவுக்கும் இதே குறை இருந்ததா? இருந்தால், அவனை உடைத்தது வசம்பா? வசம்பு உங்கள் பட்டியலில் இல்லை. ஆசுபத்திரிப் பட்டியலிலும் இல்லை. வசம்பு இல்லையென்றால் நான் யாரை விட்டுவிட்டு வந்தேன்?

நீங்கள் சொன்னால் நம்புவேன். உம்மாவின் பெயரைச் சொல்லலாமா, கூடாதா?

உங்கள்
பல்கீஸ்

•

மருதமுனை,
09.11.2025

அன்புள்ள பல்கீஸுக்கு, ஸலாம்.

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. மழைக்காலம் தொடங்கிவிட்டது, தபால்காரர் அதைச் சட்டைக்குள் வைத்து நனையாமல் கொண்டுவந்தார். வாசலில் தண்ணீர். எதிர்வீட்டுத் தறி ஒரு வாரமாக ஓடவில்லை; நூல் ஈரத்தில் இறுகிவிட்டதாம். சத்தம் இல்லாததால் நன்றாகத் தூங்குவேன் என்று நினைத்தேன். அதுவும் நடக்கவில்லை.

கேள்விக்கு வருகிறேன். நூஹுவுக்கும் அதே குறை இருந்திருக்கக்கூடும். இருந்தது என்றே நினைக்கிறேன். தேயிலைச் சாயம் போன்ற சிறுநீர் உடைந்த செங்குழியத்தின் அடையாளம். எழுபத்தெட்டாம் ஆண்டில் இங்கே அதைச் சோதித்துப் பார்க்க யாரும் இல்லை. இரத்தம் எடுத்து வைக்கப்படவும் இல்லை. இரத்தம் இல்லாமல் எந்த விஞ்ஞானியாலும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

வசம்பைப் பற்றிக் கேட்டாய். அது நல்ல பொருள் அன்று. பச்சிளங் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது என்று நான் அப்போதே சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். அது அந்த நொதியம் குறைந்தவர்களின் இரத்தத்தை உடைக்கும் என்று நான் எங்கும் வாசித்ததில்லை. வாசிக்கவில்லை என்பதால் இல்லை என்றும் ஆகாது. இவ்வளவு காலத்துக்குப் பின் ஒன்றையும் உறுதியாகச் சொல்வதற்கில்லை.

உடம்பில் எந்த மாற்றமும் ஒரு தனிப் பொருளால் மட்டும் நடப்பதில்லை. குறை முன்பே இருக்க வேண்டும். அதன்மேல் ஒன்று வந்து சேர வேண்டும். அது சேருகிற அளவும் வேண்டும். எண்ணெய் பூசிய தோல் ஒரு விதமாகவும், பூசாத தோல் வேறு விதமாகவும் உறிஞ்சும். பிறந்த குழந்தையின் ஈரல் இன்னும் தன் நொதியங்களையே முழுமையாகச் செய்து முடித்திருக்காது. இவற்றில் எது கூடியது, எது குறைந்தது என்று இப்போது யார் அளப்பது?

துஆவைப் பொறுத்தவரை, அதற்கு இரசாயனவியல் தேவையில்லை. குற்றவாளிக்கும் துஆக் கேட்கலாம் என்பதை நீ என்னைவிட நன்றாக அறிந்தவள்.

முடியிறக்கி ஆடறுக்கும் அகீகாவைத் தள்ளிப்போட்டிருப்பதாக அஸ்னா தொலைபேசியில் சொன்னாள். நல்லது. பிள்ளையின் உடம்பு முதலில் தேறட்டும்; ஆட்டுக்கு ஒன்றும் அவசரமில்லை.

முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிறேன். நீ கேட்டதற்காகச் சொல்கிறேன்.

ஹபீபா

•

லெஸ்டர்,
21.11.2025

மதினிக்கு, ஸலாம்.

நீங்கள் கெட்டிக்காரி. இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளிடம் "சுத்தி வளைக்காம விடையச் சொல்" என்று பிரம்பைத் தட்டிய நீங்கள்தானா இது?

சரி, அதை விடுவோம். வேறொன்று கேட்கிறேன்.

அகீகா டிசம்பர் ஏழாம் திகதி. இங்கேயுள்ள நம் ஊர்ப் பெண்கள் பத்துப்பேர் வருகிறார்கள். வாப்பா வீட்டார் ஏழாம் நாள் துணி கொண்டுவருவது உங்கள் குடும்பத்து வழக்கம். நூஹுவுக்கு நீங்கள் ஆறு துண்டு கொண்டுவந்தீர்கள்; உங்கள் வாப்பா தறியில் நெய்தது, உங்கள் தம்பியைப் பிள்ளையில் சுற்றிய அதே துணி. பூவைப்போல மெதுவாக இருந்தது. அன்றைக்கெல்லாம் அவனை அதற்குள்ளேதான் வைத்திருந்தேன். உம்மா உடம்பு முழுக்கத் தேங்காயெண்ணெய் பூசி, அதைச் சுற்றித் தந்தா. அதில் ஒரு துண்டை நான் இதுவரை வைத்திருக்கிறேன். நீங்கள் பழக்கிய மாதிரியே வெள்ளை உருண்டை போட்டு.

பட்டியலில் இருப்பதால் உருண்டைகளை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டேன். துணியைக் கழுவவில்லை. கழுவினால் பழைய நூல் இற்றுவிடும். அஸ்னாவின் பிள்ளையை ஏழாம் திகதி அதில் சுற்றிச் சபையில் வைக்கலாம் என்று ஆசை. உருண்டைதான் எடுத்தாகிவிட்டதே, துணியால் ஒன்றும் வராதுதானே?

"சுற்று" அல்லது "சுற்றாதே" என்று ஒரு சொல் எழுதுங்கள், போதும். காரணம் எழுத விருப்பமென்றால் எழுதுங்கள்.

பல்கீஸ்

•

மருதமுனை,
05.12.2025

பல்கீஸ்,

வெள்ளத்தால் பாதை அறுந்து, தபால் ஒரு கிழமையாக வரவில்லை. உன் கடிதம் இன்று காலை பத்து மணிக்குத்தான் கையில் கிடைத்தது. வாசலில் நின்றே வாசித்தேன். வாசித்து முடித்ததும் பக்கத்து வீட்டு றிஸ்லாவின் தொலைபேசியை வாங்கி அஸ்னாவுக்கு எடுத்தேன். உங்கள் ஊரில் அப்போது விடியவில்லை என்பது எனக்குத் தெரியும். அவள் பதறிப்போய்த்தான் எடுத்தாள்.

"அந்தத் துணியப் புள்ளையிட மேலில வெச்சிராதங்க மகள், கழுவினாலும் வாணாம்" என்றேன். "எந்தத் துணி மாமி? அந்தப் பழைய துண்டா? பட்டியல் தந்த அண்டைக்கே உம்மா அதைப் பையில கட்டி வெளியில போட்டுட்டாவே. நாத்தம் போகாது எண்டு சொன்னா" என்றாள்.

ஆகவே உனக்குத் தெரிந்திருக்கிறது. பட்டியலில் வெள்ளை உருண்டையைக் கண்ட நாளிலேயே நீ முடிவுக்கு வந்துவிட்டாய். அதன்பின் எனக்கு இரண்டு கடிதம் எழுதி, நான் சொல்கிறேனா என்று பார்த்திருக்கிறாய். முதற் கடிதத்துக்கு நான் சொல்லவில்லை. இரண்டாவதில் ஒரு பிள்ளையின் உயிரை வைத்துக் கேட்டாய். வேறு விதமாகக் கேட்டால் என் வாயிலிருந்து வராது என்று கணித்திருக்கிறாய். சரியான கணிப்பு. நான் படிப்பித்த பிள்ளைகளில் உன்னளவு கூர்மை உள்ளவர்கள் குறைவு. நீயோ எட்டாம் வகுப்போடு தறிக்கு அனுப்பப்பட்டவள்.

நீ கேட்டபடி காரணத்தையும் எழுதுகிறேன். நப்தலீன் உருகாமலே ஆவியாகும் பொருள். பெட்டகத்துக்குள் அதன் ஆவி நூலுக்குள் ஏறி உட்கார்ந்துவிடும். உருண்டையை எடுத்தாலும் துணியில் இருப்பது போகாது. அது எண்ணெயில் கரையும். எண்ணெய் பூசிய குழந்தையின் தோல் அதை உறிஞ்சும். மூச்சோடும் உள்ளே போகும். அந்த நொதியம் உள்ளவனின் செங்குழியம் அதைத் தாங்கிவிடும். இல்லாதவனுடையது உடையும். நூஹுவை உடைத்தது என் துணி. வசம்பு அன்று.

முழுவதையும் எழுதிவிடுகிறேன். அந்தத் துணி இருந்த எங்கள் பெட்டகத்தில் என் உம்மா காய்ந்த வேப்பிலைதான் போட்டுவைத்தார். பேராதனையில் பட்டம் பெற்று வந்தவள் நான். வேப்பிலையைக் கூட்டி அள்ளிக் கொட்டிவிட்டு, கண்டியிலிருந்து வாங்கிவந்த உருண்டைகளைப் போட்டேன். ஏழாம் நாள் காலை என் உம்மா, "துணியக் கழுவி வெயில்ல போட்டுக் கொண்டுபோ புள்ள" என்றார். எனக்கு அன்று பாடசாலையில் செய்முறைப் பரீட்சை. "இது கழுவின துணியவிடச் சுத்தம் உம்மா, ஒரு பூச்சி அண்டயில்ல" என்று சொல்லிவிட்டு அப்படியே மடித்து எடுத்துவந்தேன். படிக்காத உன் உம்மாவின் கையைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். படித்தவளின் கையை யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை, எனக்கு அப்போது தெரியாது. அந்த அளவுக்கு நான் நிரபராதி. அந்த அளவுக்கு மட்டும்.

எண்பத்துநான்காம் ஆண்டு விடுமுறையில் ஆசிரியர்களுக்கான கருத்தரங்கு ஒன்று நடந்தது. நொதியங்களைப் பற்றிப் பேசிய மருத்துவர் இந்தக் குறையை உதாரணமாக எடுத்தார். கரும்பலகையில் நான்கு பொருள்களை எழுதினார், மூன்றாவது நப்தலீன். பின்னால் எண்ணெய், துணி, பச்சிளங் குழந்தை என்று விளக்கினார். நான் எல்லாவற்றையும் குறிப்பேட்டில் பிழையில்லாமல் எழுதிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த சர்மினி ரீச்சர் எனக்குத் தண்ணீர் வாங்கிவந்தார். வெயில் என்று சொன்னேன்.

அன்றிலிருந்து நாற்பத்தொரு ஆண்டுகள். உன் உம்மா அதன்பின் பதினெட்டு ஆண்டுகள் உயிரோடு இருந்தார். என் தம்பி சவூதியில் மௌத்தானது தொண்ணூற்றாறில். அவனிடமும் நான் சொல்லவில்லை. சொல்லாததற்கு உன் கடிதங்கள் நின்றுவிடும் என்ற பயம் ஒரு காரணம். என்னை விஞ்ஞான ரீச்சர் என்று மதித்த ஊர் இன்னொரு காரணம். இரண்டில் எது பெரியது என்று நான் அளந்து பார்த்ததில்லை. பார்த்திருந்தால் இரண்டாவதுதான் கனத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

உன் உம்மாவின் பெயரைச் சொல். இன்றைய தொழுகையிலிருந்தே சொல். ஆசியா உம்மா ஒரு குற்றமும் செய்யவில்லை என்பதை இந்தக் கையெழுத்தால் எழுதித் தருகிறேன். வேண்டுமானால் அஸ்னாவுக்கும் காட்டு. இதற்குப் பிறகு நீ எனக்கு எழுதாவிட்டால், தபாலின்மேல் பழி போடமாட்டேன்.

இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். நீ கண்டுபிடித்தவரையில் ஒப்புக்கொண்டால் போதும் என்று மனம் சொன்னது. ஆனால் நீ கண்டுபிடிக்க முடியாத ஒன்று இருக்கிறது. அதை அறிந்தவர்கள் இருவர். மற்றவர் உன் உம்மா.

எண்பத்தேழாம் ஆண்டு நோன்பு மாதம். அஸர் தொழுகைக்குப் பின் ஒரு கோப்பையில் கஞ்சி கொண்டு என் வீட்டுக்கு வந்தார். நீ போனபின் அவர் யார் வீட்டுக்கும் போவதில்லை. கதிரையில் உட்காரவில்லை, கதவைப் பிடித்தபடி நின்றார்.

"புள்ள, நீங்க படிச்சவங்க. ஒண்டு கேக்கன், மனசில வெச்சிக்காதங்க. ஒம்பது வருசமா ஒருத்தரிட்டயும் கேக்கல்ல. என்ட வசம்பாலதானா அந்தப் புள்ள மௌத்தாப்போன?"

உண்மை எனக்குத் தெரிந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. குறிப்பேடு மேசைமேல்தான் இருந்தது.

"ஓம் மாமி, அதாலதான்" என்றேன்.

அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மறைக்காமச் சொன்னீங்களே மகள், அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்வான்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

ஹபீபா